உதட்டுக் கொப்புளமும் ஆறாத வாய்ப்புண்ணும்

ஜுரம் கண்ட பின்போ, கடும் வெயிலில் உழைத்த பின்போ, சிலருக்கு உதட்டோரத்தில் சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி எரிச்சல் தருவதுண்டு. உடற்சூடு என்று பலர் எண்ணுவர். உண்மையில் இது ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸால் வருவது. 50 வயதுக்குட்பட்டோரில் 64 சதவிகிதத்தினரிடம் இவ்வைரஸ் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டுள்ளது. ஆகவே, இதற்காக வெட்கப்படவோ, எவரையும் ஒதுக்கவோ நியாயமில்லை.

பெரும்பாலும் இளம் பருவத்தில் எச்சில் மூலம் தொற்றும் இவ்வைரஸ், நரம்பு முடிச்சில் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடந்து, உடல் தளரும்போது வெளிப்படும். இதனை அடியோடு அகற்றும் மருந்து இல்லை. எனினும், எரிச்சல் தொடங்கியவுடன் டாக்டரிடம் சென்றால், அசைக்ளோவிர் மருந்தால் விரைவில் தணியும்.

கொப்புளம் உள்ளவர் குழந்தையை முத்தமிடலாகாது. பிறந்த சிசுவுக்கு இந்நோய் உயிராபத்தாகக்கூடும். துண்டு, தம்ளர் முதலியவற்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். புண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது.

இக்கொப்புளம் பொதுவாகப் பத்து நாட்களில் ஆறிவிடும். இரண்டு வாரங்கள் கடந்தும் ஆறாத வாய்ப்புண் வேறு வகையானது. புகையிலை போடுவோருக்கு அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுதல் அவசியம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைப்பார்களாயின், பல குடும்பங்கள் பயன்பெறும்.