‘காஞ்சிவரம்’ எந்தத் தளத்தில் கிடைக்கும்?

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியைக் கதையின் நடுவில் வைத்து எடுத்த படம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’. பிரகாஷ்ராஜ் நெசவாளி வேங்கடமாகவும், ஸ்ரேயா ரெட்டி அவருடைய மனைவியாகவும், ஷம்மு மகளாகவும் நடித்தார்கள். சிறந்த திரைப்படம், சிறந்த நடிகர் என இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. இன்று அதைப் பார்க்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த ஓடிடியில் இருக்கிறது?’ என்பதுதான். அதற்கு ஒரு தளத்தின் பெயரைப் பதிலாகச் சொன்னால், அடுத்த ஒப்பந்தம் முடிவதற்குள் அந்தப் பதில் பழசாகிவிடும். ஒரு படம் எங்கே இருக்கிறது என்பதை ஒப்பந்தங்கள் முடிவு செய்கின்றன. அவை எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துவிட்டால், எந்தப் படத்தையும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

படம் ஒரு திருட்டைப் பற்றியது. சிறையிலிருந்து காவலர் துணையோடு ஊர் திரும்பும் ஒருவனின் பழைய நினைவாகக் கதை விரிகிறது. சுதந்திரத்துக்கு முன்பின்னான ஆண்டுகள் அவை. ஆயுள் முழுவதும் பட்டு நெய்தும் தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பட்டுச் சேலை கட்டிப் பார்க்க முடியாத நெசவாளி, மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறான். முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் சேலையை நெய்யத் தொடங்குகிறான். வாயில் ஒளிப்பது வெறும் சினிமா உத்தி அல்ல. பட்டு நெசவில் பாவு, ஊடை, ஜரிகை எல்லாமே எடை போட்டுத்தான் நெசவாளியிடம் கொடுக்கப்படும். முடித்த சேலையும் எடை பார்த்தே திரும்ப வாங்கப்படும். தராசுக்குத் தப்ப வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும். கூலி உயர்வுக்கான போராட்டமும் பொதுவுடைமை இயக்கமும் ஊருக்குள் வந்த பிறகு, தலைவனாக நிற்பவனுக்கும் திருடனாக ஒளிபவனுக்கும் இடையில் வேங்கடம் சிக்கிக்கொள்கிறான். முடிவை இங்கே சொல்லாமல் விடுவதே படத்துக்குச் செய்யும் மரியாதை.

ஆடை உலகக் குற்றக்கதை என்று தேடுபவர்களுக்கு உடனே கிடைக்கும் வெளிநாட்டுப் படம், ரிட்லி ஸ்காட் 2021-இல் எடுத்த ‘ஹவுஸ் ஆஃப் குச்சி’. 1921-இல் ஃபுளோரன்ஸ் நகரில் தொடங்கிய குச்சி நிறுவனத்தின் வாரிசு மௌரிசியோ குச்சி, 1995 மார்ச் 27 அன்று மிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை ஏற்பாடு செய்ததாக அவருடைய முன்னாள் மனைவி 1998-இல் தண்டிக்கப்பட்டார். அந்தப் படத்தில் குற்றம் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்குள் நடக்கிறது. ‘காஞ்சிவரம்’ படத்தில் தறிக்குழிக்குள் நடக்கிறது. துணியை விற்பவர்களைப் பற்றிய படங்கள் உலகில் நிறைய உண்டு. நெய்பவனைப் பற்றியவை குறைவு. இந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்க்க அந்த ஒரு காரணமே போதும்.

தேடலில் முதல் தடங்கல் ஆண்டு. ‘காஞ்சிவரம்’ ஒரு பட்டியலில் 2007-ஆம் ஆண்டுப் படமாகவும், இன்னொன்றில் 2008 என்றும், வேறொன்றில் 2009 என்றும் இருக்கும். மூன்றுக்கும் காரணம் உண்டு. 55-ஆவது தேசிய விருதுகள் 2007-ஆம் ஆண்டுக்கானவை. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டுதான் அந்த விருதுக்குக் கணக்கு. 2008 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது 2009 மார்ச் மாதத்தில். ஆகவே தேடும்போது ஆண்டைக் கொடுத்து வடிகட்டினால் படம் கண்ணில் படாமலே போகலாம். பெயரும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் ஊரின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ‘ச’ ஒலிக்கு ஒரு எழுத்து, ‘ஜ’ ஒலிக்கு வேறு எழுத்து. ஊர்ப்பெயரை மட்டும் தட்டினால் சேலை விளம்பரங்களும் கோயில் சுற்றுலாக் காணொளிகளும்தான் வரிசைகட்டும். இயக்குநர் பெயரையோ பிரகாஷ்ராஜ் பெயரையோ சேர்த்துத் தேடுவது நல்லது.

அடுத்தது உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்தின் முதல் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர். படம் வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். ‘காஞ்சிவரம்’ படத்தைத் தயாரித்தது மும்பையைச் சேர்ந்த பெர்செப்ட் பிக்சர் கம்பெனி. தயாரிப்பாளர் தன் உரிமையைத் துண்டு துண்டாக விற்கலாம் என்பதுதான் விஷயத்தின் மையம். திரையரங்கு, தொலைக்காட்சி, குறுவட்டு, இணையம், மொழிமாற்றம் என ஒவ்வொன்றும் தனித்தனிச் சரக்கு.

தமிழ்த் திரைத்துறைக்கு இது புதிதல்ல. படப்பெட்டி காலத்திலிருந்தே தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் விநியோகம் நடந்து வருகிறது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது ‘என்.எஸ்.சி.’, மதுரையும் ராமநாதபுரமும் ‘எம்.ஆர்.’, திருச்சியும் தஞ்சையும் ‘டி.டி.’ காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஏரியாவுக்குள் வரும். மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட வெளிநாட்டு உரிமை தனி. ஓடிடி நிறுவனங்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்; ஏரியாவுக்குப் பதில் நாடு, வாரங்களுக்குப் பதில் ஆண்டுகள். அதனால்தான் சென்னையில் ஒரு தளத்தில் இருக்கும் படம் கோலாலம்பூரில் வேறு தளத்தில் இருக்கிறது, அல்லது எதிலுமே இல்லாமல் போகிறது. ‘ஹவுஸ் ஆஃப் குச்சி’க்கும் இதே கதை. அமெரிக்காவில் அதை வெளியிட்டது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ரிலீசிங். பிற நாடுகளில் யுனிவர்சல். படத்தின் பின்னணியில் இருந்த எம்.ஜி.எம். நிறுவனத்தை அமேசான் 2022 மார்ச்சில் 845 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. ஒரே படத்துக்கு நாட்டுக்கு நாடு வழி மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பழைய படங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2009-இல் கையெழுத்தான ஒப்பந்தங்களில் திரையரங்கு, சாட்டிலைட், டிவிடி என்றே பேச்சு. நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2016 ஜனவரியில், அமேசான் பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரில். அந்தக் காலத்தில் ‘முழு உரிமையும்’ வாங்கியவரிடம் ஓடிடி உரிமையும் சேர்ந்து போனதா என்பது பல படங்களில் வழக்கு வரைக்கும் போகும் கேள்வி. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அதன் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தாலொழிய உரிமை மாறாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் என்ற விதிகளும் அதே சட்டத்தில் உள்ளன. இந்தக் கணக்குகள் தீராத படத்தை எந்தத் தளமும் தொடத் தயங்கும். விருது வாங்கிய படமாயிற்றே, எங்காவது இருக்காதா என்று பார்வையாளர் நினைப்பது நியாயம்தான். தளத்தின் வழக்கறிஞர் கேட்பதோ ஆவணங்களை.

புதிய படங்களுக்குத் தேடல் சுலபம். ‘பொன்மகள் வந்தாள்’ 2020 மே 29 அன்று திரையரங்கு காணாமல் நேரே இணையத்தில் வந்தபோது திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தார்கள். இன்று பெரும்பாலான தமிழ்ப் படங்கள் வெளியான நான்கு வாரம் கழித்து ஓடிடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. எந்தத் தளம் என்று அறிய, படத்தின் தொடக்கத்திலேயே ‘டிஜிட்டல் பார்ட்னர்’ என்று போடும் பெயரைக் கவனித்தால் போதும்.

பழைய படத்துக்கு, தளம் தளமாகப் புகுந்து பார்ப்பதைவிட, எல்லாத் தளங்களையும் ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் வசதி. பெர்லினில் இருந்து இயங்கும் ஜஸ்ட்வாட்ச் அவற்றில் பரவலாக அறியப்பட்டது. அதில் முதலில் நாட்டை இந்தியா என்று மாற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு படத்தின் பெயரைக் கொடுத்தால் சந்தா, வாடகை, விலைக்கு, விளம்பரத்தோடு இலவசம் என்று வகை பிரித்துச் சொல்லும். கூகுள் தேடலிலும் படப்பெயருக்குக் கீழே இதே போன்ற பட்டியல் வருவதுண்டு. ஆனால் இவற்றை முழுதாக நம்ப முடியாது. ஜியோ சினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டாராக இணைந்த பிறகு, பழைய பட்டியல்கள் பல பொருளற்றுப் போயின. எனவே திரட்டி காட்டும் தளத்துக்குள் நேரே போய், சந்தா கட்டும் முன்பே அதன் தேடல் பெட்டியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தமிழ்ப் படங்கள் தரும் சன் நெக்ஸ்ட், ஆஹா போன்றவற்றையும், வெளிநாட்டுத் தமிழரிடையே பெயர்பெற்ற டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் போன்றவற்றையும் தனியே தேடிப் பார்ப்பது நல்லது. நாட்டை மறைத்துக்காட்டும் விபிஎன் வழியாக வெளிநாட்டுப் பட்டியலுக்குள் நுழைவதைப் பெரும்பாலான தளங்களின் விதிமுறைகள் அனுமதிப்பதில்லை.

ஒரே ஒரு படத்துக்காக மாதச் சந்தா கட்டுவது வீண். வாடகைக்குக் கிடைத்தால் அதுவே மலிவு. கூகுள், ஆப்பிள் போன்றவற்றில் வாடகைக்கு எடுத்த படத்தைப் பார்க்கத் தொடங்க 30 நாள் அவகாசம் இருக்கும். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிரைம் வீடியோவும் 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில், சந்தா இல்லாதவர்களுக்கும் வாடகைப் படம் தருகிறது.

யூடியூபில் முழுப் படமும் தட்டுப்பட்டால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. உரிமை பெற்ற நிறுவனங்களே பழைய தமிழ்ப் படங்களைத் தங்கள் சேனல்களில் விளம்பரத்தோடு ஏற்றியிருப்பது உண்மை. அவை தாராளமாகப் பார்க்கத் தக்கவை. திருட்டுப் பதிவை அடையாளம் காண்பதும் கடினமல்ல. யூடியூபின் தானியங்கிச் சோதனைக்குத் தப்புவதற்காகக் காட்சியை இடவலம் மாற்றியிருப்பார்கள், ஓரங்களை வெட்டியிருப்பார்கள், குரலின் சுதியை ஏற்றியிருப்பார்கள். இடவலம் மாறிய படத்தில் கடைப்பலகை எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித் தெரியும். வண்ணத்துக்கும் ஒளிக்கும் இவ்வளவு உழைத்த ஒரு படத்தை அப்படிப் பார்ப்பது, ஜரிகையை உருவிவிட்டுச் சேலையை மதிப்பிடுவது போல. சட்டமும் கடுமையாகியிருக்கிறது: 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு, அபராதத்தின் உச்சவரம்பு படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்.

எந்தத் தளத்திலும் இல்லாத காலத்திலும் சில வழிகள் மிச்சமிருக்கும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ தளத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். ஊர்களில் இயங்கும் திரைப்படச் சங்கங்கள் உரிமையாளரிடம் அனுமதி பெற்றுத் திரையிடுவதுண்டு; சென்னையிலேயே அத்தகைய சங்கங்கள் உள்ளன. குறுவட்டும் முழுக்க மறைந்துவிடவில்லை. மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்துத் தமிழ்ப் படத் தட்டுகள் இன்னும் பழைய பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் கைமாறுகின்றன. வாங்கும்போது உறையில் தணிக்கைச் சான்றிதழ் விவரமும் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தட்டைப் போட்டுப் பார்க்க ஒரு பழைய டிவிடி பிளேயரும் வேண்டியிருக்கும். இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி வருவதில்லை.