முகவரி கேட்டவுடன் கொடுக்கலாமா?



ஒரு சட்டை மாதிரியைப் பார்க்க இணையத்தளம் ஒன்றைத் திறக்கிறோம். உடனே, "மின்னஞ்சல் முகவரியைப் பதியுங்கள், புதிய செய்திகளை அனுப்புகிறோம்" என்று ஒரு பெட்டி வந்து பக்கத்தை மறைக்கிறது. கடையில் பணம் கட்டும்போதும் தொலைபேசி இலக்கம் கேட்கிறார்கள். இது எமக்கு நன்மையா, தொல்லையா?

அம்பிட்டியவிலும் கண்டியைச் சூழவுள்ள இடங்களிலும் நான் சந்திக்கும் பெண்கள் பலர் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்கள். இது அறியாமை அல்ல. யுத்த காலத்தில் நிவாரணத்துக்கும் பதிவு, முகாமிலும் பதிவு, காணாமற்போனவரைத் தேடவும் பதிவு. பதியாவிட்டால் இழந்துவிடுவோம் என்ற பயம் இன்னும் எம்மை விட்டுப் போகவில்லை. ஆனால் வியாபாரியின் படிவத்தை நிரப்பாவிட்டால் எமது உரிமை எதுவும் பறிபோகாது.

இதில் நன்மையும் உண்டு. தொழிற்பயிற்சி வகுப்பு, விண்ணப்ப முடிவுத் திகதி, தையல் பொருட்களின் விலைக்குறைப்பு ஆகியவற்றை நாமே விரும்பிப் பதிந்தால் செய்தி வீடு தேடி வரும். கேளாமல் வருவதே தொல்லை. 1978 இல் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனம் சில நூறு பேருக்கு ஒரேயடியாக விளம்பர மின்னஞ்சல் அனுப்பியது. அன்றே பலர் எரிச்சலடைந்தனர்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய செய்திகளை அனுப்பச் சம்மதம் பெறவேண்டும் என்றும், அவற்றை இலவசமாக நிறுத்தும் வழியைக் காட்டவேண்டும் என்றும் கூறுகிறது. இச்சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டது. ஆகவே நாமும் விழிப்பாக இருப்போம்.

கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் கேட்கிறார்கள்? எதற்காக? வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது? முன்கூட்டியே சரி அடையாளம் இட்ட கட்டங்கள் இருந்தால் அவற்றை நீக்கிவிடுங்கள். விளம்பரங்களுக்கென வேறொரு மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பது நல்லது. தெரிந்த நிறுவனத்தின் மின்னஞ்சலாயின் அதன் அடியிலுள்ள 'அன்சப்ஸ்கிரைப்' என்பதை அழுத்தி நிறுத்தலாம். தெரியாதவர் அனுப்பியதாயின் எதையும் அழுத்தாமல் 'ஸ்பாம்' எனக் குறியுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கியின் இரகசிய இலக்கத்தையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

சுயதொழில் செய்யும் சகோதரிகளும் வாடிக்கையாளரிடம் கேட்டபின்பே செய்தி அனுப்புங்கள். அனுமதியோடு போகும் ஒரு செய்திக்கு மதிப்பு அதிகம்.

கடன் விளம்பரமும் சேலை விளம்பரமும் நாள்தோறும் குவிந்தால், நாம் செய்திகளைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிடுவோம். பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும், ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ஒரு பதிலும் அந்தக் குவியலுக்குள் புதைந்துபோகலாம். அந்தச் செய்திகளுக்கு இடம் இருக்கட்டும்.