வெயில் நாளில் எண்ணூர்க் கொடுவா

மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்தக் கோடையிலும் எண்ணூர்க் கழியில் தூண்டில்காரர் காத்திருப்பது கொடுவாவுக்காக. வெயில் ஏறினால் மீன் படாது என்பார்கள். அது பாதி உண்மைதான். கொடுவா வெப்பமண்டல மீன், வெதுவெதுப்பான நீர் அதற்குப் பகையல்ல. ஆனால் நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதனால் உச்சிவெயிலில் ஆழத்திலும் பாலத்து நிழலிலும் ஒதுங்கிவிட்டு, விடியலிலும் அந்தியிலும், குறிப்பாகக் கடல்நீர் ஏறும்போது, இரைக்கு வெளியே வரும். உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டி ஓட்டத்தோடு விட்டால், வாயை அகல விரித்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். மேல்நீரில் ‘டப்’பென்று ஓசை கேட்கும்.

அப்படியானால் கழியில் கலக்கும் அனல்மின் நிலையத்து வெந்நீரும் அதற்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஒத்துக்கொள்ளாது. வெயில் சுடும்போது ஒதுங்க ஆழம் இருக்க வேண்டும். இங்கே நிலக்கரிச் சாம்பல் படிந்து அந்த ஆழமே குறைந்துவிட்டது. அதனால் மீன் குறைந்தால், பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கி விட்டால் போதாதா? சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவைத்தது பெரிய சாதனை. என்றாலும் கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிறது. விட்ட குஞ்சு அதற்குள் இந்தக் கழியின் கோடைகளையும் தாண்டியாக வேண்டும்.