ஒரு காருக்கு எட்டுச் சக்கரங்கள்!

கார் ஒன்று. அதற்குச் சக்கரங்கள் எட்டு!

வேடிக்கையாக இருக்கிறதா? ஜெர்மனி நாட்டில் இது சாதாரணம். கோடைக்கு நான்கு, குளிர்காலத்துக்கு நான்கு என்று அங்கே பலர் இரண்டு செட் சக்கரம் வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் ஒரு செட்டைக் கழற்றி மற்றதை மாட்டுவார்கள். ஈஸ்டர் பண்டிகை வந்ததும் பழையபடி மாற்றுவார்கள்.

இதில் அதிகம் யோசிக்க வேண்டியவர்கள், "ஹாட் ஹேட்ச்" என்னும் சின்னஞ்சிறு வேகக் கார் வைத்திருப்பவர்கள்தான்.

சிறிய உருவம், பெரிய வேகம்

போர்டு பியஸ்டா எஸ்.டி. காரை எடுத்துக்கொள்வோம். கொலோன் நகரில் செய்யப்பட்ட கார் இது. 2023-ம் ஆண்டு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் ரோட்டில் நிறைய ஓடுகிறது. பார்த்தால் கடைக்குப் போய்வரும் கார் போல இருக்கும். எஞ்சினுக்கோ 200 குதிரை சக்தி! புறப்பட்ட ஆறரை விநாடியில் 100 கிலோ மீட்டர் வேகம்!

அவ்வளவு சக்தியும் முன் சக்கரங்கள் இரண்டுக்குத்தான் போகிறது. காரை இழுப்பதும் அவைதான். திருப்புவதும் அவைதான். ரோட்டில் பனி விழுந்து கிடக்கும்போது அவை வழுக்கினால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேரே போகும். எதிரே மரம் இருந்தாலும் சரி, மனிதர் இருந்தாலும் சரி!

இறுகும் ரப்பர்

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். கோடை டயரின் ரப்பரும் குளிரில் இறுகுகிறது. 7 டிகிரிக்குக் கீழே போனால் பிடிப்புக் குறையும் என்பது அங்கே வாய்க்கணக்கு. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மெதுவாகவே இருக்கும். அதன் மேல் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான சிறு கீற்றுகள் உண்டு. அவை பனியைக் கவ்விப் பிடிக்கும்.

பனி டயரை முதலில் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். லாரிக்கான பனி டயரை 1934-ம் ஆண்டிலேயே செய்துவிட்டார்கள். காருக்கு 1936-ல் செய்தார்கள்.

அழகா? உயிரா?

பியஸ்டா எஸ்.டி.க்கு 17 அங்குலச் சக்கரமும் உண்டு, 18 அங்குலச் சக்கரமும் உண்டு. பெரியதுதான் பார்வைக்கு எடுப்பு. வாலிபர்களுக்கு அதன் மேல்தான் ஆசை!

ஆனால் குளிர்காலத்துக்கு 17 அங்குலமே நல்லது. 18 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச் சுவர் 82 மில்லி மீட்டர் உயரம். 17 அங்குலத்தில் 92. வித்தியாசம் ஒரு சென்டி மீட்டர்தான். பனி மூடிய பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது, அந்த ஒரு சென்டி மீட்டர் ரப்பர் அடியைத் தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் சக்கரமே நெளிந்துபோகும். சிறிய டயர் விலையும் குறைவு.

அதற்காக மிகச் சிறியதை வாங்கிவிடக் கூடாது. வேகக் காருக்குப் பிரேக் பெரியது. சக்கரம் அதில் இடிக்கும். எந்த அளவு பொருந்தும் என்பது காரின் சான்றிதழில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

பணத்தை மிச்சம் பிடிக்க முன்பக்கம் மட்டும் இரண்டு டயர் மாற்றுவது பெரிய ஆபத்து. முன்பக்கம் பிடிக்கும். பின்பக்கம் வழுக்கும். வளைவில் கார் பம்பரமாகச் சுற்றிவிடும்! நான்கையும் மாற்ற வேண்டும்.

மலைச் சின்னம்

டயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும், அதற்குள் ஒரு பனித்துளிப் பூவும் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் இந்தச் சின்னம் உள்ள டயர்தான் குளிர்கால டயராகச் செல்லும். முன்பு "எம் பிளஸ் எஸ்" என்ற எழுத்து மட்டும் இருந்தாலே விட்டுவிடுவார்கள். இப்போது விடுவதில்லை.

பனி கிடக்கும் ரோட்டில் சின்னமில்லாத டயரோடு போனால் 60 யூரோ அபராதம். அத்துடன் பெயருக்கு எதிரே ஒரு புள்ளியும் விழும். எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசென்சே போய்விடும்!

பழைய டயர் மலிவாகக் கிடைத்தால் வயதைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3619 என்றால் 2019-ம் ஆண்டின் 36-வது வாரம் பிறந்த டயர். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டர் இருந்தால் சட்டம் ஒப்புக்கொள்ளும். பனி ஒப்புக்கொள்ளாது! 4 மில்லி மீட்டராவது வேண்டும் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

சக்கரம் மாட்டி 50 கிலோ மீட்டர் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றிய கோடைச் சக்கரங்களில் "முன் இடது", "பின் வலது" என்று சாக்கட்டியால் எழுதி, நிலவறையில் அடுக்கிவிடுவார்கள். ஈஸ்டர் வரை அவற்றுக்கு ஓய்வு!