காலை மழை, மாலை மழை: நம் வட்டாரத்தில் மழை வாங்கும் கூலி

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் ஒரு பேச்சைக் கேட்காமல் பொழுது போகாது. “பாழாய்ப் போன மழை, துணி ஒன்றும் காயவில்லை.” தீபாவளிக்கு மாவு இடித்து வைத்தால் நமத்துப் போகிறது. மத்தாப்பு கொளுத்த வெளியே வந்தால் தூறல். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவர் பாதி வழியில் பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டிருப்பார். இதே மக்கள் பிப்ரவரி மாதத்தில், “ஒரு சொட்டு மழை உண்டா? புழுங்கிச் சாகிறோம்” என்பார்கள்.

மழையைக் குறை சொல்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது வெறும் புலம்பலாக இருந்ததில்லை. மழை பெய்தால் அன்றைய கூலி போச்சு. இன்று தோட்டங்கள் குறைந்துவிட்டன, ரப்பர் மரங்கள் அரிதாகிவிட்டன. ஆனாலும் மழை நம்மிடம் வாங்கும் கூலி நின்றபாடில்லை. வாங்கும் இடம்தான் மாறியிருக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எந்த மழை எப்போது வரும்?

நம் நாட்டில் இரண்டு பருவக் காற்றுகள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக் காற்று. மே மாதக் கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று. வடகிழக்குக் காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் இருப்பதால் சிலாங்கூருக்கு அதன் வேகம் பெரும்பாலும் வந்து சேருவதில்லை. நமக்கு மழை அதிகம் பெய்வது இந்த இரண்டு காற்றும் மாறுகிற இடைப்பட்ட காலத்தில்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னொருமுறை. தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருகிறது. ஆகவே, தீபாவளிக்கு மழை என்பது நம் ஊரின் பருவநிலைப்படி நடக்கவேண்டியதுதான்.

இந்த இடைக்கால மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலை வெயிலில் நிலம் சூடேறுகிறது. கடலிலிருந்து ஈரக் காற்று உள்ளே வருகிறது. சூடான காற்று மேலே எழும்பி மேகமாகித் திரண்டு, மூன்று, நான்கு மணி வாக்கில் இடியும் மின்னலுமாகக் கொட்டுகிறது. மலையடிவாரத்தில் உள்ள பத்தாங் காலி, உலு யாம், கோலக்குபு பாரு பக்கம் இந்த மாலை மழை இன்னும் பலமாக இருக்கும்.

இன்னொரு மழை விடியற்காலையில் வரும். அதற்கு ‘சுமத்ரா’ என்றே பெயர். தென்மேற்குப் பருவக் காலத்திலும் அதன் முன்பின் மாதங்களிலும், இரவில் சுமத்ரா பக்கமும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் வரிசை கட்டி நிற்கும். காற்று அவற்றைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். விடிவதற்குச் சற்று முன் மேற்குக் கரையைத் தொடும். திடீரென்று பலத்த காற்று, ஒன்றிரண்டு மணி நேரம் அடைமழை, பிறகு வானம் வெளுத்துவிடும். தோட்டத்து மக்களின் வயிற்றில் அடித்தது இந்த மழைதான்.

பெரட்டுக் களத்தில் நின்ற மழை

பால் வெட்டு ஏன் விடியற்காலையில் நடந்தது? வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுக்கும், பால் குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், இருட்டோடு இருட்டாக வெட்டுக்காட்டுக்குப் போனார்கள்.

‘சுமத்ரா’ மழை சரியாக அந்த நேரத்தில்தான் வரும். பட்டை நனைந்துவிட்டால் வெட்டக்கூடாது. வெட்டினால் பால் கோட்டு வழியே மங்குக்குப் போகாமல் மரத்தின் மேலெல்லாம் பரவி வழியும். ஈரப் பட்டையை வெட்டினால் வெட்டுமுகத்தில் பூஞ்சை நோய் பிடித்து மரமே கெட்டுவிடும் என்பதும் ஒரு காரணம். வெட்டி முடித்த பிறகு மழை வந்தாலோ அதைவிட நட்டம். மங்கில் இருக்கும் பாலை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். மிஞ்சியதைச் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்தால், தண்ணீர் கலந்த பாலுக்குக் கணக்கு குறையும். உழைப்பும் போய்க் கூலியும் போன நாள் அது.

காலையில் பெரட்டுக்கு வந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மண்டோர் மரத்தைத் தொட்டுப் பார்ப்பார். மழை விட்டாலும் பட்டை உலர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். தாமதமாக வெட்டினால் பால் குறைவு. வெட்டாமலே திரும்பினால் வீட்டில் உலை குறைவு. சில தோட்டங்களில் புல் வெட்டு, உரம் போடுதல் என்று மாற்று வேலை கொடுப்பார்கள். எல்லாருக்கும் கிடைக்காது.

மழை இல்லாத மாதமும் சுகமில்லை. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிடும். புது இலை வரும்வரை பால் குறையும். ஆக, மழை பெய்தாலும் கூலி குறையும், காய்ந்தாலும் குறையும். தோட்டத்துப் பெரியவர்கள் வானத்தைப் பார்த்து முணுமுணுக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது. மளிகைக் கடைக் கடன் நோட்டைக் காலநிலையும் சேர்ந்துதான் எழுதியது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. மலாயாவில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே அதை நட்டார். அவர் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயர்தான் பிறகு பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது.

நாடு விடுதலை அடைந்த பிறகு தோட்டம் தோட்டமாக ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு மழை பிடிக்கும். ஈரம் இருந்தால்தான் குலை நன்றாகத் தள்ளும். லேசான மழையில் குலை வெட்டுவதும் நிற்காது. இங்கே தொல்லை வேறு மாதிரி. வெட்டிய குலையை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். அடைமழையில் மண்சாலை சேறாகி லோரி சிக்கிக்கொண்டால் குலைகள் காட்டிலேயே கிடக்கும். வழுக்கும் தரையில் நீளக் கம்பைத் தூக்கிக் குலை வெட்டுவது ஆபத்தான வேலை. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் செய்கிறார்கள். நம் தாத்தா பாட்டி மழையில் பட்ட பாட்டை இப்போது அவர்கள் படுகிறார்கள்.

ஆறு, கடல், பண்டு

தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்தவர்களின் மழைக்கவலை வெள்ளம். இதற்கு நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சிலாங்கூர் ஆறு மலையில் பிறந்து கோலக்குபு பாரு, ராசா, ரந்தாவ் பாஞ்சாங், பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலசிலாங்கூரில் கடலைச் சேருகிறது. மேலே பெய்த மழை பல மணி நேரம் கழித்துத்தான் கீழே வரும். நம் தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் நீர் ஏறலாம்.

கரையோரம் தாழ்ந்த நிலம். கடல் உள்ளே வராமல் பண்டு கட்டி, மதகு வைத்திருக்கிறார்கள். கடல் வற்றும்போது மதகைத் திறந்து உள்நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறும்போது மூட வேண்டும். பலத்த மழையும் பெரிய கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் நீர் போக இடம் இருக்காது. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் மழை பெய்தால் ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் கரையோர மக்கள் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

ஆறு எதையும் மன்னிக்காது என்பதற்குப் பழைய கோலக்குபுவே சாட்சி. 1883-இல் அங்கிருந்த அணை உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகும் வெள்ளம் ஓயாததால்தான் மேட்டில் கோலக்குபு பாரு என்ற புது ஊர் உண்டாயிற்று. நம் காலத்தில் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி வார இறுதியை யாரும் மறக்க முடியாது. அது வழக்கமான பருவமழை இல்லை. தென்சீனக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு தீபகற்பத்தைக் கடந்தபோது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. மலைத்தொடர் காக்கும் என்ற நம்பிக்கை அன்று பொய்த்தது. அடுத்த ஆண்டு, 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில், பத்தாங் காலி அருகே முகாம் இடத்தில் ஏற்பட்ட மண்சரிவில் 31 பேர் மாண்டனர்.

மழை இல்லாவிட்டால்?

மழையைத் திட்டுகிறவர்கள் 2005 ஆகஸ்டு மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் ஆகஸ்டு 11-ஆம் தேதி கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. ஆனால் நம் பக்கத்திலும் ராஜா மூசா வனப்பகுதிக் கரிச்சதுப்பு நிலம் இருக்கிறது. அந்த மண் காய்ந்துவிட்டால் தீ மண்ணுக்கு அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். அதை முழுமையாக அணைப்பது நல்ல மழைதான். 2014-இல் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததும் நினைவிருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் நம் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் போகிறது.

மழை நாள் கூலிக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

“மழை நாளுக்குக் கூலி ஏது?” என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும் என்கிறது. தொழிலாளி வேலை செய்யத் தயாராக இருந்தும் முதலாளி கொடுக்க முடியாமல் போனால், அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ரிங்கிட், 2025 பிப்ரவரி மாதம் முதல் 1,700 ரிங்கிட் என்று உயர்ந்தது. எடைக்கும் குலைக்கும் கூலி வாங்குகிறவர்களுக்கும் மாதச் சம்பளம் இந்த அளவுக்குக் குறையக்கூடாது என்று 2022-ஆம் ஆண்டு ஆணை தெளிவாக்கியது. உங்கள் வேலை ஒப்பந்தத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் இலாகாவிடமோ தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமோ கேளுங்கள். பெரட்டுக்கு வந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் பேச வலு இருக்கும்.

தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நேரும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. மழையில் வழுக்கி விழுந்தால் “என் தவறுதானே” என்று விட்டுவிடாமல் மருத்துவச் சீட்டையும் போலீஸ் புகாரையும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒதுங்க நெடுஞ்சாலையில் பாலத்தடியில் இடது ஓரத்தை விட்டு நடுப்பாதையில் நிற்காதீர்கள். இடி இடிக்கும்போது தனி மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

கார் வைத்திருப்பவர்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். முழுக் காப்புறுதி என்றாலும் வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேராது. கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 வெள்ளத்துக்குப் பிறகுதான் பலருக்கு இது தெரியவந்தது.

மழை எச்சரிக்கையை இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். வானிலைத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் மோசம், சிவப்பு என்றால் ஆபத்து. இடிமழை எச்சரிக்கை ஒருமுறை வெளியிட்டால் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் அகப்பக்கம் காட்டும். இவை பெரும்பாலும் மலாய் மொழியில் வருவதால் வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்குப் புரியாமல் போகலாம். பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், இ.பி.எஃப். கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உயரத்தில் வையுங்கள். பழைய லயத்தில் இன்னும் குடியிருப்பவர்களில் பலருக்கு அந்தத் தாள்களை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.