வளைகுடா வெயிலில் கைக்கடிகாரம் ஏன் சீக்கிரம் கெடுகிறது? உண்மையான எதிரி வெயிலா, ஈரமா?

வளைகுடாவில் இருந்து ஊர் திரும்புபவரின் பெட்டியில் பேரீச்சம்பழம், அத்தர், கம்பளி வரிசையில் தவறாமல் இருக்கும் இன்னொரு பொருள் கைக்கடிகாரம். திருப்பதியை ஒட்டிய சந்திரகிரி தொடங்கி சித்தூர், கடப்பா வரை பல ஊர்களில் இருந்து குவைத்துக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போவது பல பத்தாண்டுப் பழக்கம். முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச், அப்பா கட்டியிருந்த பழைய எச்.எம்.டி, கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்ட டைட்டன் என ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும். அப்படிப்பட்ட வாட்ச் இரண்டே கோடையில் கண்ணாடி மங்கி, முள் நின்று போனால் மனசு கேட்காது.

"வெயில் தாங்கலை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் குற்றவாளி வெயில் இல்லை.

பாலைவனத்தில் எங்கிருந்து வருகிறது ஈரம்?

பாலைவனம் என்றால் வறண்ட காற்று என்றுதான் நினைப்போம். உள்நாட்டுப் பாலைவனத்துக்கு அது சரி. துபாய், தோஹா, தம்மாம் போன்றவை கடலோர நகரங்கள். கோடையில் பாரசீக வளைகுடாவின் நீர் வெதுவெதுப்பாகி, ஏராளமான நீராவி காற்றில் கலக்கிறது. 2003 ஜூலை 8-ஆம் தேதி சவுதி அரேபியாவின் தஹ்ரானில் வெப்பநிலை 42 டிகிரி செல்சியஸாக இருந்தபோது, பனி நிலை 35 டிகிரியைத் தொட்டது. உலகில் பதிவான மிக உயர்ந்த பனி நிலைகளில் இது ஒன்று.

பனி நிலை என்றால்? காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்குமோ, அதுதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது இதனால்தான்.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தஹ்ரானில் அன்று ஒரு கன மீட்டர் காற்றில் இருந்த நீராவி சுமார் 38 கிராம். 24 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் ஏசி அறையில் அதே அளவு காற்றில் இருப்பது சுமார் 11 கிராம்தான். அலுவலகக் கதவைத் திறந்து வெளியே வரும் ஒரே நொடியில் உங்கள் வாட்ச் மூன்றரை மடங்கு ஈரமான காற்றுக்குள் நுழைகிறது.

கண்ணாடி மங்கினால் பயப்பட வேண்டுமா?

இரண்டு விதமான மங்கல் உண்டு. ஏசியில் குளிர்ந்த வாட்ச் வெளியே வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கும். மூக்குக்கண்ணாடி மங்குவது போலத்தான் இதுவும். துணியால் துடைத்தால் போய்விடும், கவலை வேண்டாம்.

துடைத்தும் போகவில்லை என்றால் ஈரம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அது தானாகக் காய்ந்து மறைந்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. வந்த வழி திறந்தே இருக்கிறது. உள்ளே எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கும், டயல் புள்ளி புள்ளியாகும், குவார்ட்ஸ் வாட்சில் சர்க்யூட் கெடும்.

மூடியிருக்கும் வாட்சுக்குள் ஈரம் எப்படிப் போகிறது?

வாட்சின் பின்மூடி, கண்ணாடி, சாவி கொடுக்கும் திருகு ஆகிய மூன்று இடங்களிலும் ரப்பர் வளையம் இருக்கும். கேஸ்கெட் என்பார்கள். வெப்பம், வியர்வை, வயது மூன்றும் சேர்ந்து இந்த ரப்பரை இறுகவைத்து, வெடிக்கவைக்கின்றன.

வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டலாம். அங்கே வைத்த வாட்சுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம், 25 டிகிரியில் இருந்ததைவிட சுமார் 15 சதவீதம் கூடும். கேஸ்கெட் தளர்ந்திருந்தால் கொஞ்சம் காற்று வெளியே கசியும். பிறகு அதே வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு குழாயில் கை கழுவுகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சுகிறது. 70-ல் இருந்து 25 டிகிரிக்கு இறங்கும்போது ஏற்படும் இந்த இழுவிசை, வாட்சை 1.3 மீட்டர் ஆழத் தண்ணீரில் அமுக்கியதற்குச் சமம். சுருக்கமாகச் சொன்னால், வாட்ச் மூச்சு விடுகிறது. சூட்டில் வெளியே விடுகிறது, குளிரில் உள்ளே இழுக்கிறது. இழுக்கும் நேரத்தில் பக்கத்தில் தண்ணீரோ ஈரக்காற்றோ இருந்தால் ஆபத்து.

'30 மீட்டர்' என்று போட்டிருக்கிறதே?

அதிகம் ஏமாறுவது இங்கேதான். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருள் இல்லை. புதிய வாட்ச், ஆய்வகத்தில், அசையாத நிலையில் 3 பார் அழுத்தத்தைத் தாங்கியது என்றுதான் பொருள். நடைமுறையில் இப்படி எடுத்துக்கொள்ளலாம்:

30 மீட்டர்: கை கழுவுவது, மழைத் தூறல். அவ்வளவுதான்.
50 மீட்டர்: கொஞ்ச நேரம் நீந்தலாம்.
100 மீட்டர்: நீச்சல் குளம், கடல் குளியலுக்கு ஏற்றது.
ஆழ்கடல் டைவிங்: ஐ.எஸ்.ஓ 6425 தரச் சான்று உள்ள டைவர்ஸ் வாட்ச் மட்டும்.

சாதாரண வாட்டர் ரெசிஸ்டன்ட் வாட்சுகளுக்கான தரம் ஐ.எஸ்.ஓ 22810. அதில் உள்ள ஒரு சோதனை எளிமையானது. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடான தட்டில் வைப்பார்கள். கண்ணாடி மேல் 18 முதல் 25 டிகிரி வரை உள்ள ஒரு சொட்டு நீரை விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் உள்பக்கம் மங்கியிருக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால், வளைகுடாக் கோடையில் தினமும் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். வாங்கியபோது பாஸான வாட்ச் நாலு வருஷம் கழித்தும் பாஸாகும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

எச்.எம்.டி ஜனதா போன்ற பழைய சாவி வாட்சுகளுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்.எம்.டி வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஒரிஜினல் உதிரிப் பாகம் கிடைப்பது கஷ்டம். அப்பாவின் ஜனதாவை வளைகுடாக் கோடைக்குக் கொண்டுபோகாமல் ஊரிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் நல்லது.

அப்படியானால் வெயில் ஒன்றும் செய்யாதா?

செய்யும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. குவார்ட்ஸ் வாட்சின் இதயம் நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு படிகம். அது சுமார் 25 டிகிரிக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. நாள் முழுக்க 45 டிகிரியில் இருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1.2 விநாடி மெதுவாகும். கையில் கட்டியிருந்தால் உடல் சூடு வாட்சை ஓரளவு சீராக வைத்திருக்கும் என்பதால் இந்த வித்தியாசம் இன்னும் குறையும். சாவி கொடுக்கும் வாட்சில் எண்ணெய் சீக்கிரம் பரவி, உலர்ந்து போகும்.

ஸ்மார்ட்வாட்ச் கதை வேறு. பெரும்பாலான ஆப்பிள் வாட்ச் மாடல்களைப் பயன்படுத்த அந்நிறுவனம் சொல்லும் வரம்பு 0 முதல் 35 டிகிரி வரைதான். லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மணல், வியர்வை, அத்தர்

பாலைவன மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. சாதாரண வாட்ச் கண்ணாடிக்கு 5 முதல் 6, பழைய பிளாஸ்டிக் கண்ணாடிக்கு 3, சஃபையருக்கு 9. தூசி படிந்த வாட்சைச் சட்டை நுனியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ஊதுங்கள், பிறகு துடையுங்கள்.

வியர்வையில் உள்ள உப்பு, குரோம் பூசிய பித்தளைக் கேஸை அரித்துப் பச்சை படியவைக்கும். 316எல் வகை எஃகு நன்றாகத் தாங்கும். தோல் பட்டை வியர்வையை உறிஞ்சி நாற்றம் எடுத்து இற்றுப் போகும். கோடைக்கு எஃகு, சிலிகான் அல்லது நைலான் பட்டை போதும். அத்தர், சென்ட், கொசு விரட்டி மூன்றையும் பூசி, காய்ந்த பிறகே வாட்சைக் கட்டுங்கள். கொசு விரட்டிகளில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையே கரைக்கக்கூடியது.

சரி, என்ன செய்யலாம்?

1. பேட்டரி மாற்றும்போது கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பல வாட்சுகள் கெடத் தொடங்குவது இங்கேதான். தெருவோரத்தில் ஐந்து நிமிடத்தில் பின்மூடியைத் திறந்து மூடினால் பேட்டரி புதுசாகும், நீர்க்காப்பு போய்விடும். பிரஷர் டெஸ்ட் செய்து தரும் கடைக்குப் போங்கள்.

2. மழை நாளில், கதவு திறந்த கடையில் வாட்சைத் திறக்கவிடாதீர்கள். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை உள்ளே வைத்து மூடினால், 26 டிகிரிக்குக் கீழே போகும்போதெல்லாம் உள்ளே மங்கல் வரலாம். ஏசி உள்ள சர்வீஸ் சென்டர் இதற்கு நல்லது.

3. சூடான வாட்சைக் குளிர்ந்த நீரில் நனைக்காதீர்கள். வெந்நீர்க் குளியல், நீராவிக் குளியலுக்கு முன் கழற்றிவிடுங்கள்.

4. தண்ணீருக்குள்ளோ ஈரக் கையாலோ திருகை இழுக்காதீர்கள். மரை போட்டுத் திருகும் வகை என்றால் முழுசாகத் திருகி மூடியிருக்கிறதா பாருங்கள்.

5. கடலில் குளித்தால், நீர்க்காப்பு உள்ள வாட்சை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

6. கழற்றியதும் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

7. உள்ளே ஈரம் தெரிந்தால் அரிசிப் பானையில் புதைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது எல்லாம் வேண்டாம். சூடு, ஈரத்தை இன்னும் உள்ளே பரவச் செய்யும். அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். கடல் நீர் என்றால் ஒரு நாள் தாமதம்கூட அதிகம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களில் திருப்பதி, சந்திரகிரி பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஸ்ரீவாரி மெட்டு படியேறினால் வாட்ச் வியர்வையில் குளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஈரம். வளைகுடாவில் ஒரே நாளில் நடப்பது இங்கே ஆறு மாதத்தில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு வாட்ச் வாங்கி வருகிறவர்கள், கூடவே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்: இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். வாட்ச் விலையோடு ஒப்பிட்டால் அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒன்றுமே இல்லை.