மீன் ஹலால்தான், சோஸ்?

பிள்ளைகள் படிக்கவும் உழைக்கவும் ஜப்பான் போகும் காலம் இது. அம்பிட்டிய உம்மாமார் கேட்பதுண்டு: "மௌலவி, அங்கே பேத்தை மீனுக்கும் விலாங்குக்குமென்றே சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றனவாம். மகன் சாப்பிடலாமா?"

ஷாபிஈ மத்ஹபில் இரண்டும் மீன் என்ற வகையில் ஹலால். ஆனால், பேத்தையின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் அழியாது; அதை முறிக்க மருந்துமில்லை. ஜப்பானின் புகழ்பெற்ற நாடக நடிகர் எட்டாம் பந்தோ மிட்சுகோரோ 1975இல் அந்த ஈரலைச் சாப்பிட்டே உயிரிழந்தார். உயிருக்குக் கேடானது ஹராம். அங்கே உரிமம் பெற்ற சமையற்காரரே அதை வெட்டுவார். நம் கடலில் பிடிபடும் பேத்தையை வீட்டுச் சட்டியில் ஏற்றவே வேண்டாம்.

விலாங்கில் கவனிக்க வேண்டியது வேறு. அதைச் சுடும்போது பூசும் சோஸில் அரிசி மது சேர்ப்பது அங்கே வழக்கம்.

"மகன், மீனை மட்டும் பார்க்காதே, சோஸையும் விசாரி" என்று சொல்லி அனுப்புங்கள்.